புற்றுக்கட்டியினுள்ளே நிற்கும் காவற்படை

(சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவின் எழுத்துருவம்)





ஆண்டுக் கூட்டத்திலே நோயைப் பற்றிப் பேசுவதா என்று சிலர் முகம் சுளிக்கலாம். அதுவும் பெயரைச் சொல்லவே நாக்கூசுகிற புற்றுநோய்! நமது ஊரில் அதைப் பெயர் சொல்லி அழைப்பவர் குறைவு. "அந்த வருத்தம்" என்று குரலைத் தாழ்த்திச் சொல்லுகிறோம். கேட்பவரும் தலையை அசைத்து விளங்கிக் கொள்ளுகிறார். இன்று நாம் எடுத்துக்கொண்டதோ அதனினும் ஒருபடி கூடுதலாக மறைக்கப்படுகிற ஒன்று. ஆண்களுக்கு மாத்திரம், பெரும்பாலும் 50 வயதைத் தாண்டிய பின் வருகிற புரொஸ்டேட் சுரப்பியின் புற்றுநோய். இதைக் கொண்ட மனைவியிடமும் சொல்ல மாட்டார்கள். பெற்ற மகனிடமும் சொல்ல மாட்டார்கள்.

இரண்டு காரணங்களுக்காக இதைப் பேச முன்வந்தோம். அந்த மறைப்பு முதலாவது. இரண்டாவது காரணம் வேறு. இப்பொழுது எங்கு திரும்பினாலும் "நோய் எதிர்ப்புச் சக்தி" என்ற பேச்சுத்தான். தூள், பானம், குளிகை என்று பல உருவத்தில் அது விலைக்கு வந்துவிட்டது. உடம்பின் எதிர்ப்புச் சக்தியைப் பெருக்கிவிட்டால் புற்றுநோய் தானே கரைந்து போய்விடும் என்று சொல்லி விற்கிறார்கள். இந்தப் பேச்சிலே ஒரு துளி உண்மை இருக்கிறது. அந்தத் துளி எவ்வளவு, அதன் மேல் ஊற்றிய தண்ணீர் எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க வேண்டும். நாம் வைத்தியம் செய்பவர் அல்லோம். விஞ்ஞானம் கற்பதும் கற்பிப்பதுமே நமது தொழில். ஆகையால் மருந்து சொல்ல வரவில்லை. கற்றறிந்தோர் கண்டதைக் கூறவே வந்தோம்.

முதலில் இச் சுரப்பி எது என்பதைச் சொல்லிவிடுவோம். பள்ளிப் பிள்ளைகள் இதை "முன்னிற்கும் சுரப்பி" என்று புத்தகத்தில் படித்திருப்பார்கள். ஆணின் சிறுநீர்ப்பைக்கு அடியிலே, சிறுநீர் வெளியேறும் குழாயைச் சுற்றி மோதிரம் போட்டாற்போல் அமைந்திருக்கிறது. வாலிபத்தில் உரிக்காத சிறிய பாக்குக்காய் அளவு. நிறை ஏறக்குறைய 20 கிராம். வயது ஏற ஏற இது பருப்பது வழக்கம். பருத்தால் குழாய் நெருங்கும். இரவில் நாலைந்து முறை எழும்ப வேண்டிவரும்; போகும்போது தடைப்படும்; சொட்டுச் சொட்டாக நிற்கும். இந்த வீக்கம் பெரும்பாலும் புற்றுநோய் அன்று. இதை நன்றாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் "இது அந்த வருத்தமாக இருந்துவிட்டால்?" என்ற பயத்தினாலேயே வைத்தியசாலைக்குப் போகாதவர் அநேகர். போனால் பெரும்பாலோர் சாதாரண வீக்கம் என்ற ஆறுதலோடும் அதற்குரிய மருந்தோடும் திரும்பி வருவார்கள்.

புற்றுநோயானாலும் அதிலே இரு குணம் உண்டு. ஒரு வகை தூங்குமூஞ்சி. பத்து, பதினைந்து வருடம் சுரப்பியினுள்ளேயே கிடக்கும். உடையவர் வேறு ஏதோ காரணத்தால் காலமாவார். பிற காரணங்களால் இறந்த முதியவர்களின் உடலைச் சோதித்தபோது, பலருடைய சுரப்பியில் அவர் அறியாமலே புற்று இருந்தது தெரியவந்திருக்கிறது. மற்ற வகை கொடியது. எலும்புக்குப் பரவும், முதுகெலும்பிலும் இடுப்பெலும்பிலும் போய்க் குடியேறும். தீராத இடுப்புவலி என்று எண்ணெய் பூசிக்கொண்டிருந்தவருக்கு அதுதான் முதற் குறியாக இருந்த கதைகளும் உண்டு.

இங்கேதான் கேள்வி பிறக்கிறது. ஒருவருடைய கட்டி தூங்கும் வகையா, பாயும் வகையா என்பதை எப்படி முன்கூட்டி அறிவது? தூங்குகிறதை வெட்டினால் வீண் துன்பம். பாய்கிறதை விட்டுவைத்தால் உயிருக்கு ஆபத்து. 1966 ஆம் ஆண்டில் டொனால்ட் கிளீசன் என்ற அமெரிக்க நோயியல் வல்லுநர், ஊசியால் எடுத்த சதைத் துண்டைப் பூதக்கண்ணாடியில் பார்த்து, கலங்களின் ஒழுங்கு எவ்வளவு குலைந்திருக்கிறது என்பதற்குப் புள்ளி போடும் முறையை வகுத்தார். கலம் என்பது உடம்பின் செங்கல். சுவரின் ஒழுங்கு குலையக் குலையப் புள்ளி ஏறும். புள்ளி ஏற ஏற ஆபத்தும் ஏறும். அந்த முறை திருத்தங்களுடன் இன்றுவரை உலகெங்கும் நடைபெறுகிறது. இத்துடன் பி.எஸ்.ஏ. என்கிற இரத்தப் பரிசோதனையும், நோய் எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்ற கணக்கும் சேரும். இந்த மூன்றுமே வைத்தியருக்கு இன்று வழிகாட்டும் விளக்குகள்.

ஆனால் அந்தச் சதைத் துண்டிலே புற்றுக் கலங்கள் மாத்திரமா இருக்கின்றன? இல்லை. அவற்றுக்கிடையே உடம்பின் காவற்காரரும் நிற்கிறார்கள். அவர்களே வெண்குழியங்கள். அவர்களை எண்ணிப் பார்த்தால் நோயாளியின் வருங்காலம் தெரியுமா என்பதுதான் நாம் சொல்ல வந்த விஷயம்.

இக் காவற்காரரை மனிதன் கண்டுகொண்ட வரலாறு சுவையானது. 1882 இல் இத்தாலியின் சிசிலித் தீவில், மெசினா என்ற ஊரில், இலியா மெச்னிக்கோவ் என்ற அறிஞர் கண்ணாடி போல் ஊடுருவித் தெரியும் நட்சத்திரமீன் குஞ்சு ஒன்றின் உடலில் ஒரு சிறு முள்ளைக் குத்தி வைத்தார். மறுநாட் காலை பார்த்தபோது, முள்ளைச் சுற்றி அசையும் கலங்கள் கூட்டமாகத் திரண்டு நின்றன. வெளியிலிருந்து வந்ததை விழுங்க வந்த கூட்டம் அது. நமது உடம்பிலும் அத்தகைய தின்குழியங்கள் உண்டு என்று அவர் நிறுவினார். 1908 இல் நோபெல் பரிசு பெற்றார். தேயிலை மலையில் காலில் முள் குத்தி, இரண்டு நாளில் சீழ் வைத்த அனுபவம் இல்லாதவர் இந்தச் சபையில் இருக்க முடியாது. அந்தச் சீழ் போரில் மாண்ட வெண்குழியங்களின் குவியலே.

மெச்னிக்கோவுக்கும் முன்பே, 1863 இல், ஜெர்மனி தேசத்து விர்க்கோ என்பவர் புற்றுக் கட்டிகளினுள் வெண்குழியங்கள் கிடப்பதைக் கண்டு எழுதினார். அவை அங்கே ஏன் நிற்கின்றன? கட்டியை அழிக்கவா, அல்லது கட்டி பிறப்பதற்கே அவைதாம் காரணமா? விர்க்கோ இரண்டாவது பக்கம் சாய்ந்தார். நாட்பட்ட அழற்சியிலிருந்து புற்று எழுகிறது என்பது அவர் அபிப்பிராயம். ஏறத்தாழ நூறு ஆண்டுகள் கழித்து, 1957 இல், அவுஸ்திரேலிய அறிஞர் மக்பர்லேன் பர்னெட் முதலாவது பக்கம் நின்றார்: உடம்பில் அடிக்கடி புற்றுக் கலங்கள் தோன்றுகின்றன, காவற்படை அவற்றைத் தேடிப் பிடித்து அழித்துவிடுகிறது, காவல் தவறிய இடத்திலேயே நோய் வெளிப்படுகிறது என்றார். இருவர் சொன்னதும் உண்மை என்பதுதான் பின்னால் தெரியவந்த வேடிக்கை.

2006 ஆம் ஆண்டில் பாரிஸ் நகரத்து ஜெரோம் கலோன் என்பவரும் அவருடன் உழைத்தவர்களும் பெருங்குடற் புற்றுநோயாளரின் கட்டிகளை எடுத்து ஆராய்ந்தார்கள். கட்டியினுள்ளே ரி-கலம் என்னும் ஒரு வகை நிணநீர்க்குழியம் எவ்வளவு இருக்கிறது, எங்கே இருக்கிறது என்று எண்ணினார்கள். காவற்காரர் நிறைந்திருந்த கட்டியை உடையவர்கள் கூடுதல் காலம் வாழ்ந்தார்கள். காவல் இல்லாத கட்டியை உடையவர்களுக்கு நோய் விரைவில் திரும்பியது. செய்தி தெளிவானது. குடலில் இப்படியென்றால் புரொஸ்டேட்டிலும் இப்படித்தானே இருக்க வேண்டும்? தூள் விற்பவரும் இதையே நினைத்துக்கொள்ளுகிறார். காவற்காரர் கூடினால் நன்மை, ஆகவே கூட்டு!

அங்கேதான் புரொஸ்டேட் முரண்டு பிடிக்கிறது.

1994 இல் பின்லாந்து நாட்டில் வெளியான ஓர் ஆராய்ச்சி, நிணநீர்க்குழியங்கள் குறைவாக, அல்லது இல்லாமலே இருந்த புரொஸ்டேட் கட்டிகள் வேகமாக முன்னேறின, அவற்றை உடையவர்கள் மாண்டுபோகும் அபாயம் கூடுதல் என்று கூறிற்று. இது பாரிஸ் செய்தியோடு ஒத்துப்போகிறது. ஆனால் 2014 இல் அயல்நாடாகிய நோர்வேயிலிருந்து வந்த ஆராய்ச்சி தலைகீழாகச் சொல்லிற்று. ஒப்பரேஷன் செய்து சுரப்பியை அகற்றிய நோயாளரில், கட்டியின் கலங்களுக்கிடையே கொல்லும் ரி-கலங்கள் அதிகமாக இருந்தவர்களுக்கே பி.எஸ்.ஏ. மறுபடியும் தலைதூக்கியது. அதாவது காவற்காரர் அதிகம், நோய் திரும்புவதும் அதிகம்! இவற்றின் பின்னும் இடையிலும் வந்த ஆராய்ச்சிகள் சில இந்தப் பக்கம், சில அந்தப் பக்கம், சில எந்தப் பக்கமும் இல்லை.

இதை எப்படி விளங்கிக்கொள்வது? மாசி மகத்தன்று ரயிலேறி மாத்தளை முத்துமாரியம்மன் தேருக்குப் போகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சந்தியிலே ஐம்பது பொலிஸ்காரர் நிற்கிறார்கள். அதைக் கண்டு என்ன முடிவுக்கு வருவீர்கள்? "இங்கே நல்ல பாதுகாப்பு, குழந்தைகளோடு போகலாம்" என்று ஒருவர் சொல்வார். "இங்கே ஏதோ கைகலப்பு நடந்திருக்கிறது, வேறு வழியாகப் போவோம்" என்று இன்னொருவர் சொல்வார். தொகையை மட்டும் வைத்து இருவரில் யார் சரியென்று தீர்க்க முடியாது. அந்த ஐம்பது பேரும் விழிப்பாக நிற்கிறார்களா, இரவெல்லாம் நின்று களைத்துப் பந்தற்காலில் சாய்ந்துவிட்டார்களா? சனத்தின் நடுவிலே நிற்கிறார்களா, வீதியோரத்திலா? சீருடைக்குள் இருப்பவர் உண்மையில் யார்? இத்தனையும் தெரிய வேண்டும்.

கட்டியினுள் நிற்கும் ரி-கலங்களைக் கூர்ந்து பார்த்த அறிஞர்கள் இதே கேள்விகளைத்தான் கேட்டார்கள். புரொஸ்டேட்டில் நிற்கும் கொல்லும் ரி-கலங்களில் பல களைத்துப் போனவை. கட்டியின் எதிரே நெடுங்காலம் நின்று நின்று, கை ஓங்கும் வலுவை இழந்தவை. அவற்றின் மேற்புறத்தில் ஒரு "பிரேக்" இருக்கிறது. அதைப் புற்றுக் கலங்கள் மிதித்து வைத்திருக்கின்றன. எண்ணும்போது இவையும் காவற்காரர் கணக்கில்தான் வரும்.

காவற்காரரைக் கட்டுப்படுத்துவதற்கென்றே இன்னொரு வகை உண்டு. அடக்கும் கலங்கள் என்று சொல்லலாம். காவற்படை வெறிகொண்டு சொந்த உடம்பையே தாக்காதபடி தடுப்பது அவற்றின் தர்மம். இவை இல்லாவிட்டால் மூட்டுகளும் குடலும் சுரப்பிகளும் நம்முடைய படையாலேயே நாசமாகும். யப்பானிய அறிஞர் சிமோன் சகாகுச்சியும் அமெரிக்கர் இருவரும் இவற்றை ஆராய்ந்தமைக்காக 2025 இல் நோபெல் பரிசு பெற்றார்கள். ஆனால் புற்றுக்கட்டி இந்த நல்லவர்களையும் தன்பக்கம் அழைத்துக்கொள்ளுகிறது. கொல்ல வருபவனின் கையைப் பிடித்து, "பொறு தம்பி, இது நம்ம வீடு" என்று சொல்ல வைக்கிறது.

மூன்றாவது, மெச்னிக்கோவ் கண்ட தின்குழியங்கள். இவற்றின் கதைதான் மிகவும் பரிதாபமானது. இவற்றுக்கு இரண்டு தொழில். ஒன்று எதிரியை விழுங்குவது. மற்றது சண்டை ஓய்ந்த பின் புண்ணை ஆற்றுவது, புதிய இரத்தக் குழாய்களை அழைப்பது, புதுச் சதை வளர உரம் இடுவது. கட்டி இவற்றை ஏமாற்றி, இரண்டாந் தொழிலுக்கே அமர்த்திவிடுகிறது. ஆறாத புண்ணைப் போலப் புற்றுக்கட்டி நடந்துகொள்ளுகிறது என்று ஹரல்ட் டுவோராக் என்பவர் 1986 இல் எழுதினார். புண் ஆற வேண்டும் என்று எண்ணி உழைக்கும் தின்குழியம், தான் அறியாமலே கட்டியை ஊட்டி வளர்க்கிறது. 2011 இல் யப்பானில் வெளியான ஓர் ஆராய்ச்சியில், ஊசித் துண்டிலே தின்குழியங்கள் குறைவாயிருந்த புரொஸ்டேட் நோயாளர் கூடிய காலம் நோய் முற்றாமல் இருந்தார்கள்; நிறைந்திருந்தவர்களுக்கு விரைவில் முற்றியது. ஆக, விர்க்கோ சொன்னதும் பொய்யில்லை.

பெரியவர் ஒருவர் முன்வரிசையில் தலையாட்டுகிறார். வேலியே பயிரை மேய்ந்த கதைதான், ஐயா.

நிற்க. இவ்வளவு தெரிந்துகொண்ட பிறகு சும்மா இருப்பார்களா? மிதித்து வைத்த பிரேக்கை விடுவித்துவிட்டால் களைத்த காவற்காரன் மறுபடி எழுவான் அல்லவா? அமெரிக்காவில் ஜேம்ஸ் அலிசனும் யப்பானில் தசுக்கு ஹொன்ஜோவும் அதைத்தான் செய்து காட்டினார்கள். இருவருக்கும் 2018 இல் நோபெல் பரிசு கிடைத்தது. அந்த மருந்துகளால் மெலனோமா என்ற தோற் புற்றுநோயில் சாவின் வாசலில் நின்றவர்கள் வருடக்கணக்கில் வாழ்ந்தார்கள். நுரையீரற் புற்றிலும் பலன் கண்டது. உலகமே மகிழ்ந்தது. புரொஸ்டேட் நோயாளரும் மகிழ்ந்தார்கள்.

799 நோயாளரைக் கொண்டு நடத்திய ஒரு பெரும் பரிசோதனையின் முடிவு 2014 இல் வெளிவந்தது. எலும்புக்கு நோய் பரவியவர்களுக்கு அலிசன் வழிவந்த மருந்தைக் கொடுத்தார்கள். மருந்து பெற்றவர்களின் நடு ஆயுட்காலம் 11.2 மாதம், பெறாதவர்களுக்கு 10 மாதம். வித்தியாசம் என்று அடித்துச் சொல்லுமளவுக்கு அது போதவில்லை. ஆனால் அவர்களைத் தொடர்ந்து கவனித்துவந்தபோது வேறொன்று தெரிந்தது. 5 வருடம் கழித்து உயிரோடு இருந்தவர்கள் மருந்து பெற்றோரில் 100 க்கு ஏறக்குறைய 8 பேர். பெறாதோரில் 100 க்கு ஏறக்குறைய 3 பேர். ஆக, ஒரு சிலருக்கு மாத்திரம் அது உயிர் கொடுத்திருக்கிறது. அந்த ஒரு சிலர் யார்? கட்டியினுள் நிற்கும் கலங்களைச் சரியாகப் படித்தால் அவர்களை முன்கூட்டியே கண்டுபிடிக்கலாமா? இந்த ஆராய்ச்சியின் உயிர்நாடி இதுவே.

இக் கேள்வியைத் துரத்துபவர்களில் இருவரைப் பற்றி நாம் அவசியம் சொல்ல வேண்டும். ஒருவர் பத்மனி ஷர்மா. தென் அமெரிக்காவில் கயானா தேசத்தில் பிறந்த இந்திய வம்சாவளிப் பெண்மணி. கரும்புத் தோட்டங்களுக்காக இந்தியாவிலிருந்து நம்மவரைக் கப்பலேற்றிக் கொண்டுபோன நாடுகளில் கயானாவும் ஒன்று. தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகள் நிறைந்த சபையிலே இதைச் சொல்லாமல் விட நமக்கு மனம் வரவில்லை. அவர் இன்று ஹூஸ்டன் நகரத்து எம்.டி. அன்டர்சன் புற்றுநோய் நிலையத்திலே பேராசிரியை. 2017 இல் அவருடைய குழுவினர் வெளியிட்ட ஆராய்ச்சியில், ஒப்பரேஷனுக்கு முன்னரே சில நோயாளருக்கு பிரேக் விடுவிக்கும் மருந்தைக் கொடுத்து, பிறகு அகற்றிய சுரப்பியைப் பார்த்தார்கள். மருந்து தன் வேலையைச் செய்திருந்தது; ரி-கலங்கள் கட்டிக்குள் புகுந்திருந்தன. ஆனால் அவை புகுந்தவுடனே அங்கிருந்த தின்குழியங்கள் இன்னும் இரண்டு புதுப் பிரேக்குகளை நீட்டிவிட்டன! ஒரு பூட்டைத் திறக்க, உள்ளே வேறு இரண்டு பூட்டு. 2019 இல் அக் குழுவினரே எலும்பைப் பற்றியும் ஒன்று சொன்னார்கள். கட்டி எலும்பை அரிக்கும்போது எலும்பிலிருந்து ஒரு பொருள் கசிகிறது. அது ரி-கலங்களைக் கொல்லும் வழியிலிருந்து திருப்பி வேறு வழியில் விட்டுவிடுகிறது. மென்சதையில் வேலை செய்யும் மருந்து எலும்பில் தோற்பதற்கு அது ஒரு காரணம்.

மற்றவர் அருள் சின்னையன். பெயரைக் கேட்டதும் சபையிலே முகங்கள் மலர்வதைக் காண்கிறோம். அமெரிக்காவில் மிச்சிகன் சர்வகலாசாலையில் இருக்கிறார். புரொஸ்டேட் புற்றில் ஏறக்குறைய பாதியில் இரண்டு மரபணுக்கள் இடம்மாறி ஒட்டிக்கொண்டிருப்பதை 2005 இல் கண்டுபிடித்த குழுவின் தலைவர் இவரே. 2018 இல் அவர் குழு இன்னொன்றைக் கூறிற்று. முற்றிய புரொஸ்டேட் நோயாளரில் 100 க்கு ஏறக்குறைய 7 பேருக்கு ஒரு குறித்த மரபணு அடியோடு செயலிழந்திருக்கிறது. அதனால் அவர்களுடைய புற்றுக் கலங்கள் காவற்படைக்கு அந்நியமாகத் தோன்றும் சின்னங்களைக் கூடுதலாக அணிந்திருக்கின்றன. ரி-கலங்களும் அங்கே கூடுதலாகத் திரண்டிருக்கின்றன. சாதாரணமாகப் புரொஸ்டேட் புற்றில் இத்தகைய அந்நியச் சின்னங்கள் குறைவு. கள்வன் வீட்டாரைப் போலவே உடுத்திக்கொண்டு திரிவதனால் காவற்காரன் கண்டுகொள்ளுவதில்லை. அந்த 7 பேரிலும் எல்லோருக்கும் மருந்து பலிக்கவில்லை என்பதையும் மறைக்காமல் சொல்லவேண்டும். மரபெழுத்தில் விழும் பிழையைத் திருத்தும் சக்தியை இழந்த வேறொரு கூட்டம் உண்டு. முற்றிய நோயாளரில் 100 க்கு 3 பேர் அளவே. அவர்களில் சிலருக்கு ஹொன்ஜோ வழிவந்த மருந்து வியக்கத்தக்க பலன் கொடுத்திருக்கிறது. மரபணுச் சோதனை செய்யாமல் எல்லோருக்கும் அதே மருந்தைக் கொடுத்தால் 100 பேரில் 3 முதல் 5 பேருக்கே கட்டி சுருங்குகிறது.

இன்னொரு முயற்சியும் உண்டு. நோயாளியின் இரத்தத்திலிருந்து சில வெண்குழியங்களை வெளியே எடுத்து, "இதுதான் எதிரி" என்று அடையாளங் காட்டிப் பழக்கி, திரும்ப உடம்பில் ஏற்றுவது. 2010 இல் அமெரிக்க அரசாங்கம் இதற்கு அனுமதி வழங்கியது. 512 பேரில் நடத்திய பரிசோதனையில், இதைப் பெற்றவர்களின் நடு ஆயுள் 25.8 மாதம், மற்றவர்களுக்கு 21.7 மாதம். நாலு மாதம். அற்பமென்று நாம் சொல்லமாட்டோம்; பேத்தியின் கலியாணத்தைக் காண நாலு மாதம் போதும். ஆனால் ஒருவருக்கு ஆன செலவு 90,000 டொலருக்கு மேல். 2014 இல் வெளிவந்த ஆராய்ச்சி ஒன்றில், ஒப்பரேஷனுக்கு முன் இதைப் பெற்றவர்களின் சுரப்பியைப் பார்த்தபோது ரி-கலங்கள் மூன்று மடங்குக்கு மேல் பெருகியிருந்தன. எங்கே? கட்டியின் விளிம்பிலே. உள்ளே நுழைவது இன்னும் பாக்கி.

இனி அந்தத் தூளுக்கு வருவோம். சித்த வைத்தியரையோ ஆயுர்வேத வைத்தியரையோ இழித்துப் பேசுவது நமது நோக்கமன்று. பசியை எழுப்பவும் உடம்பைத் தேற்றவும் அவர்களிடம் நல்ல முறைகள் உண்டு. நாம் சொல்லுவது, புற்றுநோய்க்கு மாற்றாக "எதிர்ப்புச் சக்தி" என்ற பெயரில் விற்கப்படுவதைப் பற்றி. எந்தச் சக்தியை அது கூட்டுகிறது? கொல்லும் கலத்தையா, அடக்கும் கலத்தையா, கட்டிக்கு உரமிடும் தின்குழியத்தையா? கூட்டினாலும் அது கட்டிக்குள் நுழையுமா, விளிம்பில் நிற்குமா? நுழைந்தாலும் பிரேக்கை யார் விடுவிப்பார்? நோபெல் பரிசு பெற்றவர்களும் கோடிக்கணக்கான டொலரும் இன்னும் முழுதாக விடை காணாத கேள்விகள் இவை. அந்த விடை ஒரு போத்தலுக்குள் இருக்கிறது என்று ஒருவர் சொன்னால், அவர் சதைத் துண்டைப் பார்த்தவர் அல்லர். பணம் போவதை விடக் கொடிது ஒன்றுண்டு: காலம் போவது. சுரப்பியினுள்ளே அடங்கியிருக்கும்போது கண்டுபிடித்தால் ஒப்பரேஷனாலோ கதிர்ச் சிகிச்சையாலோ பூரண சுகம் பெறும் நோய் இது. எலும்புக்குப் போனபின் அடக்கலாம், அகற்ற முடியாது. ஆறு மாதம் தூள் குடித்துப் பார்ப்போம் என்பவர், ஆறு மாதத்தை யாருக்குக் கொடுக்கிறார் என்று யோசிக்க வேண்டும்.

பழைய சிகிச்சையையும் குறைவாக எண்ணவேண்டாம். ஆண் சுரப்பு நீரைக் குறைத்தால் இப் புற்று வாடும் என்று 1941 இல் சார்ல்ஸ் ஹக்கின்ஸ் காட்டினார். 1966 இல் நோபெல் பரிசு பெற்றார். இன்றும் பரவிய நோய்க்கு அதுவே அடிப்படைச் சிகிச்சை. அப்படிக் குறைத்தவர்களின் சுரப்பிக்குள் சில வாரங்களிலே ரி-கலங்கள் திரண்டு வருவதை 2001 இல் கண்டார்கள். பழைய மருந்தே காவற்காரருக்குக் கதவைச் சிறிது திறந்துவிடுகிறது. பழையதையும் புதியதையும் எந்த முறையில் சேர்ப்பது என்ற ஆராய்ச்சி நடந்துகொண்டே இருக்கிறது.

வாலிப அன்பர்களே, கடைசியாக உங்களிடம் ஒரு வேலையை ஒப்படைக்க விரும்புகிறோம். பன்வில வீதியிலும் அதற்கு மேலே தோட்டங்களிலும் நமது பெரியவர்கள் இருக்கிறார்கள். கிளினிக்கில் சிங்களத்தில் பேசுவார்கள். ரிப்போட் ஆங்கிலத்தில் இருக்கும். பெரியவருக்குத் தெரிந்தது தமிழ். கூச்சத்தோடு போனவர் விளங்காமல் திரும்பி, கடதாசியை மடித்துச் சாமி படத்துக்குப் பின்னால் சொருகி வைத்துவிடுகிறார். அவருடன் ஒருவர் கண்டி வைத்தியசாலைக்குப் போய்வருவதற்கு ஒரு நாட் சம்பளம் போகும், அவ்வளவுதான். மகள் கூட வந்தால் கூச்சப்படுவார். பக்கத்து வீட்டுத் தம்பி வந்தால் பேசுவார்.

பி.எஸ்.ஏ. கூடியிருந்தால் உடனே புற்று என்று அழவேண்டாம். சாதாரண வீக்கத்திலும் சிறுநீர்த் தொற்றிலும் அது கூடும். இதற்கு மாறாக, குறையொன்றும் தெரியாத காலத்திலேயே புற்று இருப்பதும் உண்டு. 50 வயது தாண்டியவர்கள் இச் சோதனை தமக்கு வேண்டுமா என்று வைத்தியரிடம் கேட்பது நல்லது. தகப்பனுக்கோ சகோதரனுக்கோ இந்நோய் இருந்தால் இன்னும் முன்னதாகவே கேட்க வேண்டும். ஊசித் துண்டு எடுத்திருந்தால் ரிப்போட்டில் கிளீசன் புள்ளி எவ்வளவு, எத்தனை துண்டில் புற்று இருந்தது என்று கேளுங்கள். புள்ளி குறைவாக இருந்து, "இப்போதைக்கு வெட்டத் தேவையில்லை, கவனித்து வருவோம்" என்று வைத்தியர் சொன்னால், அது கைவிட்ட பேச்சு அன்று. குறித்த தவணைக்குத் தவறாமல் போகவேண்டும், அவ்வளவே. தவணைத் திகதியைக் கலண்டரில் எழுதிவைப்பதும் உங்கள் வேலை.

சாதாரண இரத்தப் பரிசோதனைக் கடதாசியிலும் வெண்குழிய வகைகளின் விகிதம் இருக்கும். நியூட்ரோபில் என்ற வகை மிகுந்து நிணநீர்க்குழியம் குறைந்திருந்தால், முற்றிய நோயாளரில் அது நல்ல குறியன்று எனப் பல ஆராய்ச்சிகள் கூறுகின்றன. இதைக் கேட்டு வீட்டுக்குப் போய்ப் பழைய கடதாசிகளைத் தூக்கிக் கணக்குப் போடாதீர்கள். ஒரு சாதாரணக் காய்ச்சலிலும் பல்வீக்கத்திலும் அந்த விகிதம் மாறும். அதைப் படிப்பது வைத்தியருக்குரியது.

இன்னும் ஒன்று. எடுத்த சதைத் துண்டை ஆய்வுகூடத்தார் பார்த்துவிட்டு எறிந்துவிடுவதில்லை. மெழுகிலே பதித்து, இலக்கமிட்டு வைத்திருப்பார்கள். பின்லாந்திலும் நோர்வேயிலும் காவற்காரரை எண்ணியது அத்தகைய பழைய மெழுகுக் கட்டிகளிலிருந்து மெல்லிய இதழ்களாகச் சீவி எடுத்துத்தான். நோயாளியின் மரபணுவைச் சோதிக்க வேண்டிவந்தாலும், பிற்காலத்தில் புதிய மருந்து ஒன்று வந்து "இவருக்குப் பொருந்துமா?" என்று பார்க்க வேண்டிவந்தாலும், முதலில் தேடுவது அந்தத் துண்டையே. ஆகவே ரிப்போட்டின் மேல் மூலையில் உள்ள அந்த இலக்கத்தையும் திகதியையும் வைத்தியசாலையின் பெயரையும் ஒரு கொப்பியில் எழுதி, பெரியவருடைய அடையாள அட்டையோடு சேர்த்து வையுங்கள்.